தாள் எண்ணும் பேட்ஸ் எண்ணும்

நாசரேத் பக்கத்துப் பனைவிளை ஒன்றின் பாகப்பிரிவினைப் பத்திரம் என் மேசையில் கிடக்கிறது. தாளுக்குத் தாள் சார்பதிவகக் குறிப்பு: 1 புத்தகம், ஆண்டு, ஆவண எண், மொத்தம் 6 தாள், இது 3-வது தாள், கீழே சார்பதிவாளர் கையெழுத்து. அந்த ஒரு வரி பூட்டு மாதிரி. ஏழாவது தாளை நுழைக்க முடியாது. நாலாவதை உருவினால் அப்போதே தெரிந்துவிடும். பதிவுப் புத்தகங்களுக்கும் 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இதே கண்டிப்புதான். பக்க எண்கள் வரிசையாக அச்சாகியிருக்க வேண்டும். எத்தனை பக்கம் என்று முகப்பில் சான்று வேண்டும்.

அமெரிக்க வக்கீல்களின் பேட்ஸ் எண் வேறு ரகம். எட்வின் பேட்ஸ் என்பவர் 1890-களில் காப்புரிமை வாங்கிய நம்பரிங் மெஷினால் வந்த பெயர். கைப்பிடியை அழுத்தினால் எண் பதியும். சக்கரம் தானே அடுத்த எண்ணுக்கு நகரும். அங்கே விசாரணைக்கு முன்பே ஒரு தரப்பு தன்னிடமுள்ள காகிதங்களை மறுதரப்புக்குக் காட்டியாக வேண்டும். பெரிய வழக்கென்றால் லட்சக்கணக்கில் போகும். கடிதமா, ரசீதா என்ற பேதமில்லை: கொடுத்தவரைக் குறிக்கச் சில எழுத்துகள், பிறகு 000001 முதல் ஒரே ஓட்டம். எந்த ஆவணம் எங்கே முடிகிறது என்று அந்த எண்ணைப் பார்த்துத் தெரியாது. அந்த வகையில் நம் சார்பதிவகமே கெட்டி.

ஆனால் நம்முடையது தாள் கணக்கு. பேட்ஸ் பக்கக் கணக்கு. பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்கும்போது பின்பக்கம் விட்டுப்போவது நமக்குச் சர்வசாதாரணம். கைரேகையும் தாக்கல் குறிப்பும் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கும். ஆறு தாளும் சரியாக இருக்கிறதே என்று கட்டை நாடா போட்டுக் கட்டிவிடுவோம். பக்கந்தோறும் எண் விழுந்திருந்தால் நடுவில் ஒன்று குறைவது கண்ணில் குத்தியிருக்கும்.

பேட்ஸ் எண்ணின் நிஜமான பலம் அது மாறாமல் இருப்பது. ஒருமுறை குத்தினால் வாக்குமூலத்திலும் விசாரணையிலும் மேல்முறையீட்டிலும் அதே எண். நம் ஊரில் படிக்குப் படி புது எண். கீழ்க்கோர்ட்டில் வாதி ஆவணம் ஏ-1, பிரதிவாதி ஆவணம் பி-1 என்று குறியீடு ஆகும். அது ஆவணத்தின் பெயர், பக்கத்தின் பெயர் அல்ல. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தால் டைப்டு செட் என்ற தட்டச்சுத் தொகுப்பில் மறுபடி முதலிலிருந்து பக்க எண். 2015-ம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம், தனக்குப் பாதகமான ஆவணத்தையும் மறைக்காமல் காட்டச் சொல்கிறது. கட்டுகள் இனிப் பெருகத்தான் போகின்றன.

என் கையிலுள்ள நகலில் 3-வது தாளின் மேல் மூலையைப் பாருங்கள்: பென்சிலில் 17, அதை அடித்துச் சிவப்பு மையில் 42, பக்கத்தில் அச்சில் 118. எதைச் சொல்வது என்று ஜூனியர் திணறினார். வக்கீல் குமாஸ்தா தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏ-1, மூணாவது தாள்னு சொல்லுங்க சார்.”