கப்பையும் காந்தாரியும்: அரை மணி நேரச் சாப்பாட்டில் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ராத்திரி எட்டரைக்கு வேலை முடிச்சு வீட்டுக்கு வர்றீங்க. குழம்பு, பொரியல்னு இறங்கத் தெம்பில்லை. ஆர்டர் போடலாம்னா மாசக் கடைசி. இந்த நிலைமைக்கு இடுக்கி மலையில் ரொம்ப நாளாவே ஒரு விடை இருக்கு: கப்பை. நம்ம ஊர் மரவள்ளிக்கிழங்கு, சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு.

மூணாறுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் பள்ளிவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளாவின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் இங்கேதான் இயங்கத் தொடங்கியது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். லயங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வருபவருக்கு, ஒரே பாத்திரத்தில் வேகும் உணவின் அருமை தெரியும்.

கப்பை எப்படி வந்தது?

தென் அமெரிக்கக் கிழங்கு இது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இதன் சாகுபடியை ஊக்குவித்தார். 1942-இல் பர்மா ஜப்பான் வசம் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அந்தப் பஞ்சத்தில் பலர் வயிற்றை நிரப்பியது கப்பைதான். இன்று ரிசார்ட் மெனுவில் விலையோடு நிற்பதைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

எப்படிச் செய்வது?

ஆளுக்குத் தோலோடு 300 கிராம். ஒருத்தருக்கும் இதே கணக்கு, பத்துப் பேருக்கும் இதே கணக்கு, பாத்திரம்தான் மாறும். தோலையும் அதன் உள்ளே இருக்கும் தடித்த வெள்ளைப் பட்டையையும் உரித்து, சின்னத் துண்டுகளாக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் மூடாமல் வேக வையுங்கள். பாதி வெந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர், உப்பு, மஞ்சள் சேர்த்துக் குழைய விடுங்கள்.

அது வேகும் நேரத்தில் சின்ன வெங்காயம், காந்தாரி மிளகாய், உப்பு மூன்றையும் நசுக்கித் தேங்காய் எண்ணெய் விட்டால் சம்மந்தி ரெடி. காந்தாரி கிடைக்கலையா, பச்சை மிளகாய் போதும். அந்த உறைப்பு வராது, அவ்வளவுதான்.

தண்ணீரைக் கொட்டுவதை மட்டும் தவிர்க்காதீங்க. கிழங்கில் லினமாரின் என்ற பொருள் இருக்கு. அது சிதைந்தால் சயனைடு வரும். தோலில் இன்னும் அதிகம். சின்னதாக வெட்டி, திறந்து வைத்து வேகவிட்டால், நஞ்சு தண்ணீரோடும் ஆவியோடும் போய்விடும். பச்சையாகத் தின்னவே கூடாது. வெந்த பிறகும் கசந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இது மட்டும் போதுமா?

போதாது. 100 கிராம் கிழங்கில் சுமார் 160 கலோரி இருக்கு, புரதமோ ஒன்றரை கிராம்கூடத் தேறாது. அதனால்தான் கேரளாவில் கூடவே மீன் வரும். இடுக்கியில் மாட்டெலும்பு சேர்த்த எல்லும் கப்பையும். உங்களுக்கு ஒரு முட்டை போதும், 6 கிராம் புரதம் ஏறிடும். கொண்டைக்கடலைன்னா காலையிலேயே ஊறவைக்கணும். மலையில் இருப்பவர்கள் அதற்குக் குக்கரை எடுங்கள்: 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் கடலை வேக ரொம்ப நேரம் பிடிக்கும்.

யாருக்கு எளிது?

2024 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். ஒரு விஷயம் கவனிங்க: இது அந்த வேலையைச் செய்தவர்களின் சராசரி மட்டுமே. அன்று வீட்டு வேலை பக்கமே போகாத ஆண்கள் இதில் சேரவில்லை, அவர்கள்தான் பெரும்பான்மை. 'ஈஸி ரெசிபி' வீடியோக்கள் அடுப்பு நேரத்தை மட்டும் சொல்லும். கப்பையில் அடுப்பு வேலை தானாக நடக்கும். கை வலிப்பது தோல் உரிக்கும்போதும், அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கும்போதும்தான். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் அந்த இரண்டில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

தனியாக இருப்பவர்களுக்கு: பறித்த கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெடும். அதனால் வாங்கிய அன்றே உரித்து, வெட்டி, ஃப்ரீஸரில் போடுங்கள். சமைக்கும்போது உருக விடாமல் நேராகக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டலாம்.