குடும்ப நினைவேடு: சங்கரன்கோவில் வட்டாரம்

குடும்ப நினைவேடு என்பது கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கோவில் கொடை முதலியவற்றின் படங்களையும் அழைப்புப் பத்திரிகைகளையும் குறிப்புகளோடு ஒட்டித் தொகுத்த ஏடு. மேலைநாடுகளில் இப்பழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873இல் பசை தடவிய தாள்களைக் கொண்ட ஏட்டுக்குக் காப்புரிமை பெற்றார். தமிழ் வீடுகளில் இதற்கான சரக்கு பெரும்பாலும் சிதறிக் கிடக்கிறது. தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் போன்ற ஊரில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த உறவினர் படம், கல்யாண ஆல்பம், மொய் நோட்டு, மஞ்சள் தடவிய பத்திரிகை ஆகியவற்றை ஒன்றுசேர்த்தால், எந்த அரசு ஆவணத்திலும் கிடைக்காத ஊர் வரலாறு கிடைக்கும்.

இவற்றில் எதுவும் தனித்து நின்றால் அரைகுறைதான். படம் முகத்தைக் காட்டும், பெயரைச் சொல்லாது. பத்திரிகையில் தமிழ் ஆண்டும் தேதியும் உறவுமுறைகளும் இருக்கும், முகம் இராது. மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை மூன்றும் வரிசையாக இருப்பதால், அக்குடும்பத்தின் உறவு எந்தெந்த ஊர்வரை நீண்டது என்பதை அதிலிருந்து அறியலாம். மொய் வெறும் கொடுக்கல் வாங்கல் கணக்கு, அதில் நினைவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். திருப்பிச் செய்யவேண்டிய கணக்கு என்பதாலேயே அதைக் கவனமாக எழுதினார்கள். அந்தக் கவனமே அதை நம்பத்தக்க சான்றாக்குகிறது. இத்தகைய தாள்களின் மதிப்பை உணர்ந்த நூல் சேகரிப்பாளர் கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் தூக்கியெறிந்த அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும்கூட நூல்களோடு சேர்த்துவைத்தார். அவர் 1992இல் மறைந்த பின், அத்தொகுப்பே 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவே பெயரில்லாமல் கிடக்கும் படம் தேடினாலும் அகப்படாது. கருவி பழுதானால் அதுவும் போகும். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் படம் சுருக்கப்பட்டுத் தெளிவிழக்கிறது. தாளுக்கும் ஆபத்து உண்டு: ஒட்டும் பக்கமுள்ள பழைய ஆல்பங்களின் பசை படத்தை மஞ்சளாக்கும், செய்தித்தாள் நறுக்கு தானும் பழுத்து அருகிலுள்ள தாளையும் கறையாக்கும். ஆகவே அமிலமற்ற தாளில் மூலைப்பிடி வைத்துச் செருகுவதும், அசலை ஸ்கேன் செய்து அந்தப் பிரதியை இரண்டு இடங்களில் வைப்பதும் நல்லது. இவை எல்லாவற்றுக்கும் முந்திய வேலை, வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு படத்திலும் இருப்பவர் யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்று கேட்டு எழுதுவது. தாளைப் பிறகும் வாங்கலாம். அந்தப் பதிலைப் பிறகு வாங்க முடியாது.