சேராத இரண்டு படைகள்

இங்கிலாந்தைப் பிடிக்கப் புறப்பட்ட ஸ்பானியக் கப்பற்படையான அர்மடா 1588இல் சிதைந்து திரும்பியபோது டச்சுக்காரர்கள் ஒரு பதக்கம் வெளியிட்டார்கள். இறைவன் ஊதினார், பகைவர் சிதறினர் என்று அதில் லத்தீனில் பொறித்திருந்தது. புராட்டஸ்டண்டுகளுக்கு அது தெய்வ சாட்சி. தோற்ற ஸ்பானியருக்கும் புயலின் மேல் பழி போடுவதில் ஒரு சௌகரியம் இருந்தது. பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் காற்றுக்குக் கொடுத்த பெருமையில் பாதியைப் பிடுங்கித் தங்கள் கடற்தளபதி டிரேக்கின் பீரங்கிகளுக்குக் கொடுத்தார்கள். காற்றா, பீரங்கியா என்ற இந்த வழக்கு நானூறு ஆண்டுகளாக நடக்கிறது. 1588ஐ மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பதால்தான் அது முடியாமல் நீள்கிறது என்பது என் கருத்து. 1585 முதல் 1604 வரை நடந்த போர் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஸ்பெயின் இங்கிலாந்தின் மேல் படையெடுத்துத் தோற்றது போலவே இங்கிலாந்தும் ஸ்பெயின் அரசரின் நிலத்தின் மேல் படையெடுத்துத் தோற்றது. தோற்ற இடமும் ஏறக்குறைய ஒன்றுதான்: கப்பலும் தரைப்படையும் கைகோக்க வேண்டிய இடம்.

போரின் தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பெயினுக்கு எதிராகக் கிளர்ந்த டச்சு மாகாணங்களுக்குப் படை அனுப்புவதாக எலிசபெத் அரசி 1585இல் நான்சச் உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு புறப்பட்ட பிரான்சிஸ் டிரேக், ஸ்பெயினின் அமெரிக்கத் துறைமுகங்களான சாண்டோ டொமிங்கோவையும் கார்தஹீனாவையும் சூறையாடினார். 1587இல் ஸ்காட்லாந்தின் முன்னாள் அரசி மேரியின் தலை வெட்டப்பட்டது. கத்தோலிக்க அரியணை உரிமையாளர் ஒருவர் இனி இங்கிலாந்தில் இல்லை. ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப் அதற்கு முன்பே படையெடுப்புக்கான திட்டங்களைக் கேட்டு வாங்கியிருந்தார். அவர் மேசைக்கு இரண்டு திட்டங்கள் வந்தன. கடற்படைத் தளபதி சாண்டா குரூஸ் பிரபு, லிஸ்பனிலிருந்தே கப்பலும் படையும் ஒன்றாகப் போகட்டும் என்றார். 500க்கும் மேற்பட்ட கலங்கள், 90,000க்கும் மேற்பட்ட ஆட்கள் கேட்டார். ஃபிளாண்டர்ஸில் ஸ்பானியப் படையை நடத்திக்கொண்டிருந்த பார்மா கோமகன், என் படையைப் படகுகளில் ஏற்றி ரகசியமாக, திடீரென்று ஒரே இரவில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கிறேன் என்றார். முதல் திட்டத்துக்குப் பணம் போதாது. இரண்டாவதற்குத் தேவையான ரகசியம் ஐரோப்பாவில் எங்கும் கிடைக்காது. பிலிப் இரண்டையும் வெட்டி ஒட்டினார். லிஸ்பனிலிருந்து சிறிதாக்கப்பட்ட கப்பற்படை வரும், ஃபிளாண்டர்ஸிலிருந்து பார்மா வருவார், இருவரும் சந்திப்பார்கள். எங்கே, எப்படி என்பதைத்தான் கட்டளைக் கடிதங்கள் தெளிவாகச் சொல்லவில்லை.

சாண்டா குரூஸ் 1588 பிப்ரவரியில் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்த மெதினா சிதோனியா கோமகன், எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, கடற்போர் தெரியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று எழுதியவர். இதை வைத்து அவரைக் கோழை என்று கேலி செய்வது பழைய வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மே மாத இறுதியில் சுமார் 130 கப்பல்களோடும் ஏறக்குறைய 30,000 ஆட்களோடும் லிஸ்பனை விட்டவருக்கு ஜூனில் கொருன்னா துறைமுகத்தில் ஒதுங்க நேர்ந்தது. புயல் கப்பல்களைப் பிரித்திருந்தது, உணவு கெட்டிருந்தது. முந்தைய ஆண்டு டிரேக் காடிஸ் துறைமுகத்தைத் தாக்கிவிட்டுத் திரும்பும் வழியில், பீப்பாய் செய்ய வைத்திருந்த பதப்பட்ட மரப்பலகைகளைப் பெருமளவில் எரித்திருந்தார். பச்சை மரத்தில் செய்த பீப்பாயில் தண்ணீரும் இறைச்சியும் எத்தனை நாள் தாங்கும்? இந்தப் படையெடுப்பைக் கைவிடுங்கள் என்று மெதினா சிதோனியா கொருன்னாவிலிருந்து அரசருக்கு எழுதினார். அந்தக் கோடையில் எழுதப்பட்ட கடிதங்களில் தெளிவானது அதுதான். பிலிப் கேட்கவில்லை.

ஜூலை இறுதியில் அர்மடா ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைந்தது. (இங்கிலாந்தின் நாட்காட்டி அப்போது பத்து நாள் பின்தங்கியிருந்தது, இங்கே தருவது ஸ்பானியர் கணக்கு.) பிளிமத், போர்ட்லண்ட், வைட் தீவு என்று ஒரு வாரம் ஆங்கிலேயர் பின்னாலேயே வந்து சுட்டார்கள். ஆங்கிலக் கப்பல்கள் தாழ்வானவை, விரைவானவை. அவர்களுடைய பீரங்கி வண்டிகள் நான்கு சிறு சக்கரங்களில் எளிதாகப் பின்னிழுத்து மருந்து கெட்டிக்க வசதியானவை. இருந்தும் அர்மடாவின் பிறை வடிவ அணி கலையவில்லை. அந்த வாரத்தில் ஸ்பானியர் இழந்த பெரிய கப்பல்களில் ஒன்று மோதலில் பாய்மரம் முறிந்து பின்தங்கியது, இன்னொன்று தன் வெடிமருந்தே வெடித்துச் சிதைந்தது. ஆகஸ்ட் 6ஆம் தேதி அணி குலையாமல் கலே நகருக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சியபோது, மெதினா சிதோனியா தனக்கு இட்ட வேலையில் பெரும்பகுதியை முடித்திருந்தார்.

அங்கேதான் திட்டத்தின் தையல் பிரிந்தது. கப்பற்படை நெருங்கிவிட்டது என்ற உறுதியான சேதி ஏறக்குறைய அந்த நாளில்தான் பார்மாவுக்கே கிடைத்தது. படையை ஏற்ற இன்னும் ஆறு நாள் வேண்டும் என்றார் அவர். ஆறு நாள் கிடைத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? பார்மாவின் கையிலிருந்த டன்கிர்க்கும் நியூபோர்ட்டும் ஆழமில்லாத துறைகள். அவருடைய படகுகள் பீரங்கியில்லாத தட்டையடிப் படகுகள். வெளியே மணல்திட்டுகளுக்கு நடுவே டச்சுக்காரர்களின் சிறு போர்க்கப்பல்கள் காவல் நின்றன. அர்மடாவின் பெரிய கப்பல்கள் அந்த ஆழமற்ற நீரில் நுழைந்து அவற்றை விரட்ட முடியாது. பெரிய கப்பலை ஏற்கக்கூடிய ஃபிளஷிங் துறைமுகம் டச்சுக் கிளர்ச்சிக்காரர்களிடம் இருந்தது. கப்பற்படை வந்து வழியைத் துப்புரவாக்கும் என்று பார்மா காத்திருந்தார்; பார்மா படகுகளோடு வெளியே வந்து சேர்ந்துகொள்வார் என்று மெதினா சிதோனியா காத்திருந்தார். சம்பந்தி வீட்டார் முதலில் வந்து அழைக்கட்டும் என்று இரு வீட்டாரும் அவரவர் வாசலில் நின்றது போன்ற நிலை. இந்தச் சிக்கலைப் பற்றி பார்மா மாதக்கணக்காகவே பிலிப்புக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 7 நள்ளிரவில் ஆங்கிலேயர் எட்டுத் தீக்கப்பல்களை மிதக்கவிட்டார்கள். ஸ்பானியர் நங்கூரக் கயிறுகளை வெட்டிக்கொண்டு சிதறினார்கள். மறுநாள் கிரேவ்லின்ஸ் கரைக்கு அப்பால் நெருங்கிச் சுட்டதில் அர்மடாவுக்கு உண்மையான சேதம் நேர்ந்தது. பீரங்கிக் கட்சிக்காரர்களின் வலுவான சான்று இதுதான், இதை மறுக்க முடியாது. ஆனால் தீக்கப்பல்களுக்கு இலக்காக அர்மடா ஏன் திறந்த கடலில், துறைமுகமில்லாத இடத்தில், நீரோட்டத்தில் நின்றது? வராத படைக்காகக் காத்திருந்ததால். புயல் கட்சியின் வாதம் இன்னும் பலவீனமானது. அயர்லாந்துக் கரையில் கப்பல்களை உடைத்த பெருங்காற்று செப்டம்பரிலும் அக்டோபரிலும் வந்தது. அதற்குள் அர்மடா ஸ்காட்லாந்தைச் சுற்றி வீடு திரும்பிக்கொண்டிருந்தது. புயல் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொன்றது, படையெடுப்பைக் கொல்லவில்லை. அது முன்பே செத்திருந்தது. 1971இல் அயர்லாந்தின் வடகரையில் கண்டெடுத்த திரினிதாத் வாலென்செரா கப்பலின் எச்சங்களில் பெரிய வெண்கல முற்றுகைப் பீரங்கிகள் கிடைத்தன. இங்கிலாந்து மண்ணில் கோட்டை மதில்களை உடைப்பதற்காகக் கொண்டுவந்தவை. அவை இறங்க வேண்டிய கரைக்கும் கப்பலுக்கும் நடுவே இருந்த சில மைல் நீரைத்தான் ஸ்பெயினால் கடக்க முடியவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கடல்வழிப் படையெடுப்பு ஸ்பெயினுக்கே கைவராத வித்தை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. 1580இல் ஆல்பா கோமகனின் தரைப்படையை சாண்டா குரூஸ் தன் கலங்களில் செதூபலிலிருந்து ஏற்றி காஷ்காய்ஷில் இறக்கினார். லிஸ்பன் விழுந்தது, போர்ச்சுகல் பிலிப்பின் கைக்கு வந்தது. 1583இல் அசோர்ஸ் தீவுக்கூட்டத்தின் தெர்சேரா தீவை அதே சாண்டா குரூஸ் கைப்பற்றினார். அந்த வெற்றியின் உற்சாகத்தில்தான் இங்கிலாந்தையும் பிடிக்கலாம் என்று அரசருக்கு எழுதினார். ஆனால் இந்த இரண்டு வெற்றிகளும் என் வாதத்துக்குத்தான் துணை நிற்கின்றன. தெர்சேராவில் படையும் கப்பலும் ஒரே துறைமுகத்தில் ஏறி, ஒரே ஆளின் கட்டளையில் போயின. லிஸ்பனில் தரைப்படைத் தலைவரும் கப்பல் தலைவரும் ஒருவர் பார்வைக்குள் ஒருவர் இயங்கினார்கள். சாண்டா குரூஸ் கேட்ட அந்தக் கட்டுப்படியாகாத எண்ணிக்கையை இந்த அனுபவத்தோடு வைத்துப் பார்த்தால் அது கிழவரின் பேராசையாகத் தோன்றாது.

அதே லிஸ்பனுக்கு 1589இல் ஆங்கிலேயர் வந்தார்கள். பள்ளிப் புத்தகங்களில் அதிகம் இடம்பெறாத இந்தப் படையெடுப்பு, சுமார் 150 கப்பல்களோடும் 20,000க்கும் மேற்பட்ட ஆட்களோடும் புறப்பட்டது. கப்பல் எண்ணிக்கையில் அர்மடாவுக்குக் குறைந்ததல்ல. செலவில் பெரும்பங்கைப் போட்டவர்கள் லாபம் எதிர்பார்த்த பங்குதாரர்கள். சாந்தாந்தரிலும் பிற வடக்குத் துறைகளிலும் பழுதுபார்க்க நிறுத்தியிருந்த அர்மடாவின் மிச்சக் கப்பல்களை முதலில் எரிக்க வேண்டும் என்பது எலிசபெத்தின் கட்டளை. எரிந்த கப்பலில் பங்குதாரருக்கு என்ன கிடைக்கும்? டிரேக்கும் தரைப்படைத் தலைவர் ஜான் நாரிஸும் சாந்தாந்தர் பக்கமே போகவில்லை. கொருன்னாவில் இறங்கி, கீழ்நகரத்தைக் கொள்ளையடித்து, அங்கிருந்த திராட்சை மதுவைக் குடித்து, மேல்நகரத்தைப் பிடிக்க முடியாமல் இரண்டு வாரம் கழித்தார்கள். பிறகு போர்ச்சுகலின் பெனிஷில் நாரிஸ் இறங்கி நாற்பது மைலுக்கு மேல் நடந்து லிஸ்பன் மதில் வரை போனார். அவர் கையில் முற்றுகைப் பீரங்கி இல்லை. டிரேக் கப்பல்களோடு தேஜோ ஆற்றின் முகத்துவாரத்தில், 1580இல் ஆல்பா இறங்கிய அதே காஷ்காய்ஷில் நின்றார்; கோட்டைகளைத் தாண்டி ஆற்றுக்குள் வரவில்லை. கூடவே அழைத்துவந்த போர்ச்சுகீசிய அரியணை உரிமையாளர் தோம் அந்தோனியோவுக்காக மக்கள் எழுவார்கள் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. வெயிலிலும் நோயிலும் ஆட்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்கு டிரேக்கிடம் பெரிய படை எதையும் அரசி ஒப்படைக்கவில்லை.

1588இன் வெற்றி இங்கிலாந்தைக் கடலின் எஜமானராக்கியது என்பவர்கள் இந்த 1589ஐத் தாண்டிக் குதிக்கிறார்கள். ஸ்பெயின் புதிய போர்க்கப்பல்களைக் கட்டியது. 1591 முதல் 1595 வரை அமெரிக்காவிலிருந்து அங்கே வந்திறங்கிய வெள்ளி அதற்கு முன் எந்த ஐந்தாண்டிலும் வராத அளவு. 1596இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் சேர்ந்து காடிஸைப் பிடித்தது பெரிய வெற்றிதான். நகரை விடாமல் வைத்திருக்கலாம் என்று படைத் தலைவர்களில் ஒருவரான எஸ்ஸெக்ஸ் பிரபு வாதாடினார். மற்றவர்கள் உணவுக் கணக்கைப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் எரித்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அதற்குப் பழிவாங்க 1596லும் 1597லும் பிலிப் அனுப்பிய இரு கப்பற்படைகளை உண்மையாகவே புயல்தான் முறியடித்தது. புயல் கட்சிக்கு இங்கே வெற்றியைக் கொடுத்துவிடலாம், ஒரு கேள்வியோடு: இரண்டும் ஏன் அக்டோபரில் கடலில் இருந்தன? கோடைக்குள் ஆளும் உணவும் சேராததால்தான். காலம் கடந்து புறப்படுகிறவன் புயலைத் தானே தேடிப் போகிறான்.

கடைசி முயற்சி 1601இல், பிலிப் இறந்து மூன்றாண்டு கழித்து, அயர்லாந்தில் நடந்தது. இந்த முறை ஸ்பானியர் கரையேறியே விட்டார்கள். ஹுவான் தெல் ஆகிலா 4,000க்கும் குறைவான ஆட்களோடு தெற்கே கின்சேலில் இறங்கினார். ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த ஹியூ ஓ நீலின் பலமோ வடக்கே அல்ஸ்டரில். தீவின் நீளம் முழுவதும் குளிர்காலத்தில் நடந்து ஓ நீல் வந்து சேர்ந்தபோது, ஆங்கிலத் தளபதி மவுண்ட்ஜாய் கின்சேலை முற்றுகையிட்டிருந்தார். நகருக்குள் ஸ்பானியர், வெளியே அயர்லாந்துப் படை, நடுவே ஆங்கிலேயர். இரு பக்கமும் ஒரே நேரத்தில் நெருக்கியிருந்தால் மவுண்ட்ஜாய் தப்பியிருப்பது கடினம். 1602 ஜனவரி 3ஆம் தேதி ஓ நீல் உடைந்து ஓடும்வரை நகரத்துக் கதவு திறக்கவில்லை. கலேயில் கடலில் நடந்தது, கின்சேலில் நிலத்தில் நடந்தது.

1688இல் ஆரஞ்சின் வில்லியம் அர்மடாவைவிடப் பெரிய கப்பற்படையோடு வந்து இங்கிலாந்தில் இறங்கி முடிசூடவில்லையா என்று கேட்கலாம். இறங்கினார், நவம்பர் மாதத்தில். ஆனால் தன் படையைத் தன் துறைமுகத்தில் தானே ஏற்றிக்கொண்டு வந்தார். வரச்சொல்லி இங்கிலாந்துப் பெருங்குடியினர் கடிதம் எழுதியிருந்தார்கள். எதிர்க்க வேண்டிய படையின் தலைவர்களே அவர் பக்கம் சாய்ந்தார்கள். வழியில் யாரையும் சந்திக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

போரை முடித்துவைத்து 1604 ஆகஸ்டில் லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையில் யாரும் யாருடைய நிலத்தையும் பெறவில்லை. டச்சுக் கிளர்ச்சிக்கு உதவுவதை இங்கிலாந்து நிறுத்தியது. ஆங்கிலக் கத்தோலிக்கருக்கு ஸ்பெயின் கேட்ட சலுகை கிடைக்கவில்லை. அமெரிக்கக் கடல்களில் யார் வணிகம் செய்யலாம் என்ற கேள்வியை இரு தரப்பும் எழுதாமலே விட்டன. பிடித்து வைக்க முடியாத இடத்தில் கொள்ளையடிக்க மட்டும் முடியும் என்பதை ஆங்கிலேயர் பத்தொன்பது ஆண்டுகளில் நன்றாகவே கற்றிருந்தார்கள். கம்பர்லண்ட் பிரபு 1598இல் ஸ்கர்ஜ் ஆஃப் மாலிஸ் என்ற தன் பெரிய கப்பலை முன்னிறுத்திப் போய், புவர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானைப் பிடித்தார். டிரேக்கால் முடியாத காரியம் அது. சீதபேதி அவருடைய ஆட்களைச் சாய்த்தது, சில மாதங்களில் ஊரைக் கைவிட்டுத் திரும்பினார். கப்பலை விற்றார். வாங்கியது, 1600இன் கடைசி நாளில் எலிசபெத்திடம் பட்டயம் பெற்றிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி. ரெட் டிராகன் என்று பெயர் மாற்றி, 1588இல் அர்மடாவுக்கு எதிரே ஒரு கப்பலை நடத்திய ஜேம்ஸ் லங்காஸ்டரைத் தலைவராக்கி, தன் முதல் பயணத்தில் மிளகு வாங்கக் கம்பெனி 1601இல் அனுப்பியது அந்தக் கப்பலைத்தான்.