தேக்கும் சறுக்கும்: டாப்சிலிப் என்னும் ஊர்ப்பெயர்

ஒரு மரம் கடல் கடக்கும்போது அதன் பெயரும் உடன் கடப்பதுண்டு. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் 'தேக்கு' போர்த்துகீசியர் நாவில் 'தேக்கா' ஆயிற்று. ஆங்கிலத்தில் 'டீக்' என நிலைபெற்றது. சங்கப் புலவர்கள் அதன் அகன்ற இலையைப் பாடியிருக்கின்றனர். ஆயினும், அம்மரம் பெருமளவில் வெட்டப்பட்ட ஆனைமலைச் சிற்றூர் ஒன்று ஆங்கிலப் பெயரையே தாங்கி நிற்கிறது. அதுவே டாப்சிலிப்.

நிலம்

கோவை மாவட்டம் பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில், சேத்துமடையைக் கடந்து மலையேறினால் இவ்வூரை அடையலாம். கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். தேக்கும் மூங்கிலும் விரவிய இலையுதிர் காடு. கேரளத்தின் பரம்பிக்குளத்திற்குச் செல்லும் சாலை இதன் வழியே செல்கிறது. வனத்துறையினர் இப்பகுதியை உலாந்திச் சரகம் என்பர். மவுண்ட் ஸ்டூவர்ட் என்னும் பெயரும் இங்கு உண்டு.

வெட்டும் வளர்ப்பும்

19ஆம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் தளத்திற்குத் தேக்கு தேவைப்பட்டது. பின்னர் இருப்புப்பாதைக் கட்டைகளுக்கும் மரம் வேண்டியிருந்தது. 1840களின் இறுதியில் ஜேம்ஸ் மைக்கேல் என்னும் படை அதிகாரியிடம் ஆனைமலைக் காடுகளின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. வெட்டிய மரங்களை யானைகள் மலை விளிம்புக்கு இழுத்து வந்தன. அங்கிருந்து அவை சரிவில் சறுக்கிவிடப்பட்டு அடிவாரத்தை அடைந்தன. அச்சறுக்கின் மேல்முனைக்கு வழங்கிய 'டாப் சிலிப்' என்னும் தொழிற்களப் பெயரே நாளடைவில் ஊர்ப்பெயராயிற்று.

வெட்டு மிகுந்ததால் காடு மெலிந்தது. 1910களின் நடுப்பகுதியில் பொறுப்பேற்ற வன அலுவலர் ஹியூகோ வுட், அடிக்கட்டை மீண்டும் தழைக்குமாறு வெட்டும் முறையைக் கைக்கொண்டார். நடக்கும் வழியெல்லாம் கைத்தடியால் குழியிட்டுத் தேக்கு விதைகளை ஊன்றினார் என்பது செவிவழிச் செய்தி. 1933இல் மறைந்த அவரது கல்லறை அக்காட்டிலேயே உள்ளது. நினைவுச்சின்னம் காண விழைவோர் சுற்றிலும் நோக்குக என்னும் பொருளுடைய இலத்தீன் வாசகம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் தொண்டு பெரிது. எனினும், தேக்கே ஓங்கிய வளர்ப்புக்காடு பலவகை மரங்கள் செறிந்த பழங்காட்டுக்கு ஈடாகாது என்பதும் உண்மையே.

மக்கள்

ஆனைமலைக் காடுகள் காடர், மலசர், மலைமலசர், இரவாளர், புலையர், முதுவர் ஆகியோரின் வாழ்விடம். எருமைப்பாறையில் காடர் வாழ்கின்றனர். கோழிகமுத்தி யானை முகாமில் மலசர் குடியினர் தலைமுறை தலைமுறையாகப் பாகர்களாக உள்ளனர். காட்டின் தடமும் யானையின் மனமும் அறிந்த இம்மக்களின் உழைப்பின்றி மரத்தொழில் நடந்திராது. 1976இல் ஆனைமலைக் காடு சரணாலயமாயிற்று. 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஒருகாலத்தில் மரம் இழுத்த முகாமின் யானைகள், இன்று ஊருக்குள் புகும் காட்டானைகளைத் திருப்பும் கும்கிகளாகப் பணிபுரிகின்றன.

மரம் வெட்டச் செய்தவரின் பெயரும் மரம் வளர்த்தவரின் பெயரும் வரலாற்றில் நின்றன. மரத்தைச் சுமந்தவர் பெயர்கள் நிற்கவில்லை. எனினும் ஓடைக்கும் பாறைக்கும் மரத்திற்கும் அவர்கள் இட்ட பெயர்கள் முதியோர் நாவில் இன்னும் உள்ளன. காடர் மொழிக்குத் தனி எழுத்தில்லை. பேசுவோர் தொகையும் சிறிது. ஆகவே, அம்முதியோரோடு அச்சொற்களும் மறையக்கூடும். அவற்றைக் கேட்டுத் தொகுத்தல் வனத்துறையின் கடமை மட்டுமன்று. சொல்லையே செல்வமாகக் கொண்ட கவிஞர்களின் கடமையுமாகும். உலகிற்குத் 'தேக்கு' என்னும் சொல்லைத் தந்த மொழிக்குடும்பம், அம்மரம் நின்ற மண்ணின் சொற்களை இழத்தல் தகாது.