ஐந்து வணிகங்களும் ஒரு மீனவர் குடைவித்த குகையும்

பௌத்தத்தின் எண்வகை வழியில் ஐந்தாவதாக நிற்பது 'சம்மா ஆஜீவ'. நல்வாழ்க்கை, நற்பிழைப்பு என்றெல்லாம் தமிழில் பெயர்க்கிறார்கள். 'ஆஜீவ' என்ற சொல்லுக்குப் பிழைப்பு என்பதே நேரான பொருள். ஆசீவகர் என்னும் சமயத்தாரின் பெயரும் இதே சொல்லிலிருந்து வந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஒருவர் எதைக் கொண்டு வயிறு வளர்க்கிறார் என்ற கேள்வி அக்கால வட இந்தியாவில் எவ்வளவு கூர்மையாக எழுப்பப்பட்டது என்பதற்கு இந்தச் சொல் ஒன்றே சான்றாகும்.

இல்லறத்தார் எத்தொழிலைச் செய்யலாகாது என்பதற்கு அங்குத்தர நிகாயத்தின் ஐந்தாம் தொகுதியில் மிகச் சிறிய பட்டியல் ஒன்று உள்ளது. ஆயுத வணிகம், உயிர் வணிகம், இறைச்சி வணிகம், மது வணிகம், நஞ்சு வணிகம் ஆகிய ஐந்தையும் உபாசகர் தவிர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆயுதத்துக்கும் உயிருக்கும் உரிய பாலிச் சொற்கள் ஒரு மெல்லிய மூச்சொலியால் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழ் எழுத்தில் இரண்டையும் 'சத்த' என்றே எழுத நேர்கிறது. பின்னாளில் எழுந்த பாலி உரை, உயிர் வணிகம் என்பது மனிதரை விற்பது என்று தெளிவாகப் பொருள் கூறுகிறது. இறைச்சி வணிகம் என்பது பன்றி, மான் முதலியவற்றை வளர்த்து விற்பது. இவற்றைத் தானும் செய்யலாகாது, பிறரைத் தூண்டிச் செய்விக்கவும் ஆகாது என்றும் அவ்வுரை சேர்க்கிறது.

இப்பட்டியலின் சுருக்கம் கவனத்துக்குரியது. சமண நூலான உபாசகதசை இல்லறத்தார்க்கு விலக்கும் தொழில்கள் பதினைந்து. கரி சுடுதல், காடு வெட்டுதல், நிலத்தைப் பிளத்தல், அரக்கு விற்றல், தந்தம் விற்றல் எல்லாம் அதில் அடங்கும். உழவுகூட உயிர்க்கேடு என்ற ஐயத்துக்கு உள்ளாகிறது. பௌத்தப் பட்டியலோ உழவைத் தொடவில்லை, தந்தத்தையும் தொடவில்லை. சாஞ்சிப் பெருந்தூபியின் தெற்குத் தோரணவாயிலில், அதன் சிற்ப வேலையை விதிசை நகரத்துத் தந்தத் தொழிலாளர் செய்ததாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. யானைத் தந்தத்தைச் செதுக்கிப் பழகிய கைகளே அந்தக் கல்லையும் செதுக்கின. சமணப் பட்டியலின்படி ஐயத்துக்குரிய ஒரு பொருளைக் கையாண்டவர்கள் பௌத்தத் தூபியின் வாயிலில் பெருமையுடன் இடம் பெற்றார்கள்.

பாலி நூல்கள் பொருளீட்டலை இழிவாகப் பேசவில்லை. சிகாலோவாத சுத்தம் வருவாயை நான்கு கூறாக்கி, ஒன்றைத் துய்க்கவும் இரண்டைத் தொழிலில் இடவும் ஒன்றை இடர்க்காலத்துக்குச் சேமிக்கவும் சொல்கிறது. அனாதபிண்டிகருக்குச் சொல்லப்பட்ட நால்வகை இன்பங்களில் ஒன்று கடனின்றி இருத்தல். இவையெல்லாம் கடை வைத்திருப்பவனுக்கும் வண்டிகட்டிச் சரக்கு கொண்டுபோகிறவனுக்கும் விளங்கும் மொழி. புதிய நகரங்களும் நாணயப் புழக்கமும் பெருகிய கங்கைச் சமவெளியில் இந்த அறம் வேர் பிடித்ததில் வியப்பில்லை.

எனினும், பட்டியலில் இல்லாத சில தொழில்களே வரலாற்றில் பெரிய கேள்விகளை எழுப்புகின்றன. முதலாவது வட்டி. மஜ்ஜிம நிகாயத்தின் மகாசத்தாரீசக சுத்தம் தவறான பிழைப்பை விளக்கும்போது, ஏய்த்தல், இச்சகம் பேசுதல், குறிப்புக் காட்டிக் கேட்டல், பிறரைத் தாழ்த்துதல் ஆகியவற்றோடு 'இலாபத்தால் இலாபம் தேடுதல்' என்ற ஒன்றையும் கூறுகிறது. சில மேலை மொழிபெயர்ப்பாளர்கள் இதை வட்டித்தொழில் என்றே பெயர்த்தார்கள். அது சரியன்று. ஓரிடத்தில் பெற்ற பிச்சைப்பொருளை வேறிடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அதைக் காட்டி மேலும் பெறும் துறவியின் தந்திரமே அது என்று அபிதம்ம நூலான விபங்கம் விளக்குகிறது. வட்டிக்கு விடும் இல்லறத்தானை அந்தச் சொல் தீண்டவில்லை.

அவ்வாறு தீண்டாதது தற்செயல் அன்று என்பதை நாசிக் நகரை அடுத்த பாண்டவலேணிக் குகைகள் காட்டுகின்றன. அங்கே 10ஆம் குகையை அளித்தவன் சகர் குலத்து உஷவதாதன். மேற்கு சத்திரப மன்னன் நகபானனின் மருமகன். பொது ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்த அவனது கல்வெட்டு ஒரு கணக்குப் புத்தகத்தின் துல்லியத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. குகையில் தங்கும் துறவியர்க்காக அவன் 3,000 கார்ஷாபணங்களை அழியா முதலாக வைத்தான். அதில் 2,000 கோவர்த்தன நகரின் நெசவாளர் குழு ஒன்றிடம், மாதம் நூற்றுக்கு ஒன்று என்ற வட்டியில் வைக்கப்பட்டது. எஞ்சிய 1,000 மற்றொரு நெசவாளர் குழுவிடம், மாதம் நூற்றுக்கு முக்கால் வட்டியில் சென்றது. முதலைத் திருப்பக் கூடாது; வட்டியை மட்டுமே துய்க்க வேண்டும். 2,000க்கு ஆண்டு வட்டி 240. மழைக்காலத்தை அக்குகையில் கழிக்கும் இருபது துறவியருக்கு ஆடைக்காகத் தலைக்குப் பன்னிரண்டு என்று கல்வெட்டு பகிர்கிறது. இருபதைப் பன்னிரண்டால் பெருக்கினாலும் அதே 240. ஒரு காசும் மிச்சமில்லை.

இந்தக் கணக்கில் சற்று நின்று பார்க்க வேண்டும். நெசவாளர் குழு அந்த 240ஐ எங்கிருந்து கொடுத்திருக்கும்? முதலைக் கொண்டு நூல் வாங்கி, தறிகளை ஓட்டி, துணி விற்று, அந்த விற்பனையிலிருந்துதான் கொடுத்திருக்க முடியும். முதல் திரும்பாது என்பதால் அந்தப் பொறுப்பு அவர்கள் மக்களுக்கும் பேரர்களுக்கும் தொடர்ந்தது. துறவியின் காவி ஆடைக்கு ஆன செலவு, பெயர் தெரியாத பல நெசவாளரின் உழைப்பிலிருந்து ஆண்டுதோறும் வந்தது. நாசிக்கிலேயே சற்றுப் பிந்திய மற்றொரு கல்வெட்டில், விஷ்ணுதத்தை என்னும் சகப் பெண் உபாசிகை, நோயுற்ற துறவியரின் மருந்துக்காகக் குயவர், நீர்ப்பொறி செய்வோர், எண்ணெய் ஆட்டுவோர் குழுக்களிடம் பணம் வைத்தாள். பணத்தை முடக்கி வைக்காமல் கைத்தொழிலில் ஓடவிட்ட ஏற்பாடு என்று இதைப் பாராட்டலாம். அதே வேளையில், பொன்னையும் வெள்ளியையும் கையால் தொடக்கூடாது என்ற விதிக்குட்பட்ட சங்கம், அவை ஈனும் வட்டியில் நிலைபெற்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

உஷவதாதன் வெறும் கொடையாளி அல்லன், படைத்தலைவன். மாளவரால் முற்றுகையிடப்பட்ட உத்தமபத்திரரின் தலைவனை மீட்க மன்னன் ஆணைப்படி படைகொண்டு சென்றதை அதே குகையில் அவன் பதிவு செய்திருக்கிறான். ஐந்து வணிகங்களில் வாளை விற்பது உண்டு, வாளை வீசுவது இல்லை. போரில் இறந்தால் சுவர்க்கம் உண்டா என்று ஒரு படைவீரர் தலைவன் கேட்டபோது, புத்தர் இருமுறை பதில் சொல்ல மறுத்து, மூன்றாம் முறை நரகமே கிட்டும் என்றதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. அந்த உரையாடலில் தயக்கமும் வருத்தமும் உண்டு. ஆனால் எல்லைப் போருக்கு அனுப்பப்பட்ட வீரர்கள் கொலைக்கு அஞ்சிச் சங்கத்தில் சேர்ந்தபோது நடந்தது வேறு. பிம்பிசாரன் முறையிட்டான்; அரசப் பணியில் உள்ளவர்க்குத் துறவு கொடுக்கலாகாது என விநயத்தில் விதி எழுந்தது. பாவத் தொழில் என்று உணர்ந்து அதைவிட்டு ஓடி வந்தவனுக்கே கதவு அடைபட்டது.

அடிமைகளுக்கும் இதே நிலைதான். மனிதரை விற்கலாகாது என்று சொன்ன அறம், அடிமையை வைத்திருக்கலாகாது என்று சொல்லவில்லை. தப்பி வந்த அடிமையையும் கடனாளியையும் சேர்க்கக் கூடாது என்றது விநயம். 'நீ உரிமையாளனா? கடனற்றவனா? அரசப் பணியில் இல்லாதவனா?' என்ற பொருள்பட உபசம்பதைச் சடங்கில் கேட்கப்படும் கேள்விகள் இன்றும் தேரவாத நாடுகளில் கேட்கப்படுகின்றன.

இனி இறைச்சி. தனக்காகக் கொன்றதைப் பார்க்காமலும் கேட்காமலும் ஐயுறாமலும் இருந்தால் துறவி இறைச்சியை ஏற்கலாம் என்பது ஜீவக சுத்தம் தரும் விதி. இறைச்சியை முற்றாக விலக்க வேண்டும் என்ற தேவதத்தனின் கோரிக்கையைப் புத்தர் ஏற்கவில்லை. பிச்சை எடுப்பவன் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற நோக்கில் இது நியாயமே. ஆயினும் இதன் விளைவு ஒன்றுண்டு: கலயத்தில் விழுந்த இறைச்சியின் பாவம் முழுவதும் வெட்டியவன் தலையில் விழுந்தது. வேடன், வலைஞன், கசாப்புக்காரன் ஆகியோர் பாலி நூல்களில் கொடுந்தொழிலாளர் பட்டியலில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். தொழிலை மாற்றிக்கொள்ளும் வசதி வணிகனுக்கு இருந்த அளவுக்கு அவர்களுக்கு இருந்ததா என்று எந்தப் பட்டியலும் கேட்கவில்லை.

இந்நிலையில் நாசிக்கின் 8ஆம் குகை ஒரு வியப்பு. அதன் கல்வெட்டு மிகச் சிறியது. முகுதாசன் என்பவன் தன் குடும்பத்தாரோடு அளித்த குகை என்பதே செய்தி. அவன் பெயருக்கு முன் நிற்கும் 'தாசக' என்னும் சொல்லுக்கு மீனவன் என்றே கல்வெட்டறிஞர்கள் பொருள் கொண்டார்கள். கோதாவரியில் வலை வீசியவனா, கடலோர மீன் வணிகம் செய்தவனா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் தன் தொழிலை மறைக்கும் தேவை அவனுக்கு இருக்கவில்லை. அந்தக் கொடையைத் தள்ளும் எண்ணம் சங்கத்துக்கும் இருக்கவில்லை. சில குகைகளுக்கு அப்பால் மன்னனின் மருமகன், இங்கே மீனவன். ஏட்டில் இழிந்தவனாகக் காட்டப்பட்டவன் கல்லில் கொடையாளியாக நிற்கிறான்.

ஏட்டுக்கும் வாழ்வுக்கும் இடையிலான இந்த இடைவெளியை நேருக்கு நேராகப் பேசிய பௌத்த நூல் ஒன்று தமிழில் உண்டு. மணிமேகலையில், கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவன் அவர்கள் தலைவனுக்கு வினைப்பயனை எடுத்துரைக்கிறான். தலைவன் அதை மறுக்கவில்லை. கள்ளையும் ஊனையும் விட்டால் எங்களால் உயிர் வாழ முடியாது, ஆகவே எங்களுக்கு ஆகக்கூடிய அறத்தைச் சொல் என்று கேட்கிறான். சாதுவன் ஐந்து வணிகப் பட்டியலை ஒப்பிக்கவில்லை. கப்பல் உடைந்து வருவோரைக் கொல்லாமல் காப்பாற்றுங்கள், மூத்துச் சாகும் விலங்கைத் தவிர வேறெவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதீர்கள் என்கிறான். இந்நிலத்தில் வாழ்வோர்க்கு எது இயலும் என்ற கேள்வியிலிருந்து அறத்தைத் தொடங்கியவர் சாத்தனார். பாலி நூல்களின் இலட்சியத் தொழிலாளியான கடிகாரன் என்னும் குயவன், மண்ணைத் தோண்டாமல் ஆற்றங்கரையில் சரிந்ததையும் எலி பறித்ததையும் எடுத்துப் பானை வனைந்தான். விலை சொல்லாமல், வேண்டுவோர் அரிசியோ பயறோ வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்றான். அழகான படம். நாகர் தலைவனின் கேள்விக்கு அதில் விடையில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அக்கேள்வி தலைகீழாக எழுந்தது. மராட்டிய மகர் மக்கள்மீது செத்த மாட்டை இழுத்துச் செல்லும் கடமை பரம்பரையாகச் சுமத்தப்பட்டிருந்தது. 1927 மகாட் மாநாட்டிலேயே அதை விட்டொழிக்க வேண்டும் என்று அம்பேத்கர் வலியுறுத்தினார். அவர்கள் எந்த உயிரையும் கொல்லவில்லை. ஐந்து வணிகங்களில் எதையும் செய்யவில்லை. இருந்தும் அந்தத் தொழிலே அவர்களைத் தீண்டத்தகாதவர் எனக் குறிக்கும் முத்திரையாக இருந்தது. அவருடைய 'புத்தரும் அவர் தம்மமும்' நூல் நற்பிழைப்பை விளக்கும் இடத்தில், பிறர்க்குத் தீங்கு விளைவிக்காத பிழைப்பு என்பதோடு அநீதி விளைவிக்காத பிழைப்பு என்பதையும் சேர்க்கிறது. பழைய பட்டியலில் அந்தச் சொல் இல்லை. அது சேர்ந்ததும், வட்டி, படை, அடிமை என்று விடுபட்டுப்போன அத்தனையும் கேள்விக்குள் வந்துவிடுகின்றன.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவினர். மறுநாள் ஆற்றிய உரையில் அம்பேத்கர் பழைய வாதம் ஒன்றை நினைவுகூர்ந்தார். செத்த மாட்டின் தோலும் கொம்பும் எலும்பும் ஆண்டுக்கு 500 ரூபாய் வருவாய் தருமே, அதை ஏன் இம்மக்கள் இழக்க வேண்டும் என்று உயர்சாதியார் பரிவோடு எழுதினார்களாம். அவ்வளவு இலாபம் உள்ள தொழிலென்றால் அதை நீங்களே எடுத்துக்கொள்ளலாமே என்பதுதான் அவர் அவர்களுக்குத் தந்த பதில்.