சீனாய்ச் சிகரம்: நிலமும் மரபும்

சீனாய்த் தீபகற்பத்தின் தென்பாகம் கிரானைட் பாறைகள் செறிந்த மலைக்கூட்டமாகும். அதனிடையே 2,285 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெபல் மூசாவே மோசே நியாயப்பிரமாணம் பெற்ற மலையென மரபு கூறும். அங்கே மிக உயர்ந்த சிகரம் இதுவன்று. அருகிலுள்ள ஜெபல் கதரீனா 2,600 மீட்டருக்கும் மேற்பட்டது.

இம்மரபு கி.பி. 4ஆம் நூற்றாண்டுக்கு முன் தெளிவாய்க் காணப்படுவதில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்னும் யாத்திரிகப் பெண்மணி இம்மலையேறித் தம் பயணத்தை எழுதிவைத்தார். 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் யுஸ்தினியான் மலையடிவாரத்தில் மதில் சூழ்ந்த மடத்தை எழுப்பினார். யாத்திராகம நிகழ்ச்சிக்கும் எகேரியாவுக்கும் இடையே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மௌனம் உண்டு என்பதை நம் மாணவர் மறத்தலாகாது.

எனினும் நிலம் சாட்சி பகராமலில்லை. 1838இல் அங்குச் சென்ற எட்வர்டு ராபின்சன், ஜெபல் மூசாவின் உச்சி கீழேயுள்ள ஏர்ராஹா சமவெளிக்குத் தெரிவதில்லை எனக் கண்டார். அதே மலைத்தொகுதியின் வடமேற்கு முனையான ராஸ் சப்சாபாவோ அச்சமவெளியின் முகப்பில் சுவர்போல் செங்குத்தாய் எழுகின்றது. ஜனங்கள் மலைக்கு எதிரே பாளயமிறங்கினர், மலையைத் தொடாதபடி எல்லை குறிக்கப்பட்டது என்னும் யாத்திராகமம் 19ஆம் அதிகாரச் செய்திகள் இவ்விடத்திற்கு நன்கு பொருந்தும். 1868–69இல் பிரிட்டிஷ் நில அளவையாளரும் இம்மலைத்தொகுதியையே ஆதரித்தனர். லெப்சியுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1845இல் ஜெபல் செர்பாலை முன்வைத்தார். அதன் அருகிலுள்ள பைரான் பள்ளத்தாக்கில் நீரும் பேரீச்சையும் உண்டு. ஆனால் மலையின் முன்னே பாளயமிறங்கப் பரந்த வெளி இல்லை.

வேறு சிலர் புகையையும் அக்கினியையும் எரிமலையின் அடையாளமாகக் கொண்டு, எரிமலைக் குழம்பு உறைந்த வடமேற்கு அரேபியாவில் மலையைத் தேடினர். மோசே மீதியானில் ஆடு மேய்த்தார் என்பது அவர்களுக்குத் துணை. கலாத்தியர் 4:25 அவ்வளவு உதவாது. பவுலின் காலத்தில் அரேபியா என்னும் பெயர் தீபகற்பத்தையும் தழுவியே வழங்கியது. தேவவெளிப்பாட்டின் மொழியை நிலவியல் அறிக்கையாகப் படிப்பது எமக்கு உகந்ததாய்த் தோன்றவில்லை.

உபாகமம் 1:2 ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்குப் பதினொரு நாள் வழி என்கிறது. ஜெபல் மூசாவிலிருந்து காதேஸ் எனப் பலர் கொள்ளும் நீரூற்றுப் பகுதி நேர்கோட்டில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். ஆதலின் இக்கணக்கு தென் சீனாய்க்கு இசைந்ததே. இசைவு வேறு, நிரூபணம் வேறு. மலையின் படத்தைக் காட்டி, திருமறை மெய்ப்பிக்கப்பட்டது எனப் பிரசங்கபீடத்தில் முழங்குவோர், நாளை வேறொரு மலை சுட்டப்படும்போது கேட்போரின் விசுவாசத்திற்கு என்ன சொல்வர்? இஸ்ரவேலரோ அம்மலைக்கு ஆண்டுதோறும் யாத்திரை செல்லவில்லை. அங்கே திரும்பிச் சென்றவராகத் திருமறை பேர் சொல்வது எலியா ஒருவரையே. அவரும் உயிருக்குத் தப்பி ஓடியவர். கற்பலகைகளைப் பெட்டியில் வைத்து, ஜனங்கள் மலையை விட்டுப் புறப்பட்டனர்.