வெயிற்காலத்துப் பூசணி: சபரகமுவத் தோட்டங்களின் உணவு வரலாற்றில் ஒரு பக்கம்

இலங்கைப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை எழுதியோர் கோப்பி, தேயிலை, இறப்பர் ஆகிய ஏற்றுமதிப் பயிர்களைப் பற்றியே பெரிதும் பேசியுள்ளனர். அப்பயிர்களைக் கப்பலேற்றிய கம்பனிகளுக்கும், அவற்றின் ஏக்கர்க் கணக்குகளுக்கும் ஆவணங்களில் குறைவில்லை. ஆயின் லயக் காம்பராக்களின் பின்புறத்திலும், வடிகானோரத்துத் துண்டு நிலங்களிலும் தொழிலாளர் தமக்கென இட்ட மரக்கறிப் பயிர்கள் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. ஏற்றுமதியாகாத பயிருக்கு வரலாறு இல்லை என்ற எண்ணம் நம்மிடையேயும் ஊறியிருப்பதாகவே கொள்ளல் வேண்டும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கிய சபரகமுவ மாகாணத்தின் தோட்டங்களைப் பொறுத்தவரை, அத்தகைய பயிர்களுள் பூசணி தனியாக நோக்கத்தக்கது. காரணம், ஆண்டின் மிகக் கொடிய வெயிற்காலமும், தோட்டத் தொழிலாளியின் வருமானம் மிகச் சுருங்கும் காலமும், பூசணி காய்க்கும் காலமும் இங்கு ஒன்றாகவே அமைந்தன.

சபரகமுவ மழை மிகுந்த நாடு. இரத்தினபுரியிலே ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்தெம்பர் வரையிலான மாதங்களில் பூசணியை வளர்த்தெடுப்பது எளிதன்று. பூ அழுகும், இலையிற் பூஞ்சணம் படியும், பிஞ்சிலே பழ ஈ துளையிடும். எனவே மழை ஓயும் வேளையை எதிர்பார்த்து மார்கழியளவில் விதை ஊன்றினால், கொடி பெப்ரவரி, மார்ச் மாதங்களின் வெயிலிலே ஓடிச் சித்திரைக்குள் காயைத் தரும். இதே மாதங்களில்தான் இறப்பர் மரம் இலையுதிர்க்கின்றது. இலையுதிர்ந்து புதுத்தளிர் முற்றும்வரை பால் குறையும். பால் குறைந்தால் தொழிலாளிக்குக் கிடைக்கும் வேலைநாளும் கொடுப்பனவும் குறையும். அரைப்பேர் போடப்படும் நாள்கள் மிகும். நிழல் தந்த மரங்களே மொட்டையாகி நிற்க, மலைச்சரிவு எங்கும் வெயில் நேரே இறங்கும்.

பெருவெப்பத்தில் இக்கொடி நடந்துகொள்ளும் முறை தாவரவியலார் நன்கறிந்தது. ஒரே கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே தோன்றும். முதலில் வருவன ஆண்பூக்களே. வெப்பம் மிகுந்தால் பெண்பூக்களின் தொகை மேலுங் குறையும், மலர்ந்தவையும் பிஞ்சு பிடியாமல் உதிரும். நண்பகலில் அகன்ற இலைகள் துவண்டு தொங்கும். வேரில் ஈரமிருப்பின் மாலையில் மீண்டும் நிமிரும். பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறு முன் கூம்பிவிடும். தேனீ வராத நாளில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவிலே தொட்டுவைக்க வேண்டியதும் அந்தச் சில மணிநேரத்திற்குள்ளேதான். இறப்பர்ப் பால் நன்கு ஓடுவதும் அதே விடியற்காலையில். மரத்தின் திசுக்களில் நீரழுத்தம் அப்போதுதான் மிகுந்திருக்கும். பால்வெட்டுக்குச் செல்லும் ஆணும் பெண்ணும் தம் கொடியின் பூவைக் காணும் வாய்ப்பில்லை. அப்பணி வேலைக்குப் போகாத முதியோருக்கும் சிறுவருக்கும் உரியதாயிற்று, அல்லது தேனீயிடமே விடப்பட்டது. தோட்டத்தின் நேர ஒழுங்கு உழைப்பாளியின் சமையற்பானை வரை எவ்வாறு எட்டியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பூசணியினம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. நமது மரபிலே பழமையானது நீற்றுப்பூசணி. அது ஆசியப் பயிர், வேறு பேரினம். மஞ்சட் சதையுடைய பூசணிக்குத் தமிழகத்தில் வழங்கும் பறங்கிக்காய் என்னும் பெயரே அது கடல் கடந்து வந்த வரலாற்றைச் சொல்லிவிடுகின்றது. போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்த 1505 ஆம் ஆண்டின் பின்னரே இத்தகைய புத்துலகப் பயிர்கள் இங்கு பரவ வழி திறந்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து தோட்டங்களுக்கு வந்த மக்களுக்கு இக்காய் புதிதன்று; சிங்களக் கிராமத்தவருக்கும் அது வட்டக்கா என்ற பெயரில் பழகிய காயே. இரு சமூகத்தவரின் அடுப்பிலும் ஒருங்கே வெந்த மரக்கறிகளுள் இது ஒன்று.

மேலைநாடுகளிலே இக்காயின் வரலாறு வேறொரு திசையிற் சென்றது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹவார்ட் டில் என்னும் விவசாயி பல்லாண்டு தெரிந்தெடுத்து வளர்த்த இனம் 1979 இல் 438 றாத்தலுக்கு மேற்பட்ட காயைத் தந்து உலகப் புகழ் பெற்றது. அதன் வழிவந்த விதையிலிருந்து 2023 இல் அமெரிக்காவில் 2,749 றாத்தல் எடையுள்ள காய் நிறுக்கப்பட்டது. கொடிக்கு ஒரு காயை மட்டும் விட்டு ஏனைய பிஞ்சுகளைக் கிள்ளி, வேருக்கு ஓயாது நீரும் உரமும் ஊட்டி, வெயிலுக்குப் பந்தலிட்டு வளர்க்கப்படும் இவை உண்பதற்குரியன அல்ல, போட்டிக்குரியன. அந்நாடுகளின் கோடையில் பகற்பொழுது பதினைந்து மணிநேரம் நீளும், இரவு குளிர்ந்திருக்கும். காய் நெடுநாள் பருத்துக்கொண்டே போகும். சபரகமுவையிலோ பகல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ பன்னிரண்டு மணிநேரமே. வெப்பமான இரவு, பகலிற் சேர்த்த மாச்சத்தில் ஒரு பகுதியைச் சுவாசத்திலேயே செலவழித்துவிடும். காய் விரைந்து முற்றிவிடும். இங்கே பெரிய காய் என்பதன் பொருளும் வேறு. முற்றிய முழுக்காய் காம்போடு உலர்ந்த இடத்தில் சில மாதங்கள் கெடாது நிற்கும். வெட்டிய காய் இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. குளிரூட்டி இல்லாத லயத்திலே பெரிய காயொன்றை அறுப்பவர் அதை அயற் காம்பராக்களோடு பகிர்ந்தேயாக வேண்டும். பத்து றாத்தற் காயை ஒரு குடும்பம் தனித்துத் தின்று தீர்ப்பது இயலாது.

இச்சிறு பயிர்ச்செய்கை அரசின் கவனத்திற்குரியதாக மாறியது இரண்டாம் உலகப் போரின்போதே. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூரும், மார்ச்சில் இரங்கூனும் யப்பானியரிடம் வீழ்ந்தன. இலங்கை தன் அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தே பெற்றுவந்தது. தோட்டங்களிற் பங்கிடப்பட்டதும் இறக்குமதி அரிசியே. அரிசிப் பங்கீடு வந்தது, கோதுமை மா அரிசியின் இடத்தைப் பிடித்தது, றொட்டி தோட்டத்து உணவாக நிலைத்தது. ஏற்றுமதிப் பயிர்மட்டுமே அறிந்திருந்த தோட்டங்கள் உணவுப்பயிரும் செய்தல் வேண்டும் என்று அரசு வற்புறுத்தத் தொடங்கியது. அதேவேளை மலாயாவை இழந்த நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பரின் முதன்மையான ஊற்றாக எஞ்சியது இலங்கையே. மரம் பட்டுப்போயினும் போகட்டும் என்று அளவுமீறிப் பால் வெட்டப்பட்டது. கூடுதல் பாலும் வேண்டும், கூடுதல் உணவும் வேண்டும். இரண்டையும் தரவேண்டியவர் அதே தொழிலாளர். போர்க்கால இறப்பரின் புகழைப் பேசுவோர் இவ்விரட்டைச் சுமையைப் பெரும்பாலும் கூறாமலே கடந்துவிடுகின்றனர்.

போர் முடிந்த மறு ஆண்டிலேயே, நிலத்தின்மேல் உழைத்தவருக்கு நிலத்தில் என்ன உரிமை என்ற வினா கேகாலை மாவட்டத்திலே வெடித்தது. அங்குள்ள நேவ்ஸ்மியர் தோட்டம் கிராம விரிவாக்கத்திற்கென அரசினால் சுவீகரிக்கப்பட்டது. தலைமுறையாக அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் மறுத்தனர், அத்துமீறிய குடியிருப்பு என்று குற்றஞ்சாட்டப்பட்டனர். 1946 ஜூனில் இலங்கை இந்தியக் காங்கிரசின் தலைமையில் தோட்டங்களிலே பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. உரிமையாளரைத் தொல்லைப்படுத்துவதே முதன்மை நோக்கம் என்று நிறுவப்பட்டாலன்றி, தன் இருப்பிடத்தை விட்டகலாதிருப்பது குற்றமாகாது என்பது அங்கு வழங்கப்பட்ட தீர்ப்பின் சாரம். குற்றத்திலிருந்து விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. நிலமற்ற கண்டிச் சிங்களக் கிராமத்தவரின் வறுமையும் உண்மையே என்பதை மறைத்தல் நேர்மையாகாது. தோட்டங்கள் விழுங்கிய நிலத்தை மீட்கப் புறப்பட்ட கொள்கை, அதை விழுங்கியோரைத் தொடாமல், அதிலே கூலிக்கு உழைத்தோரைத் தொட்டது என்பதே இங்கு குறை.

1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவர் மரம் நடுவதில் என்ன பொருள்? பலாவும் தென்னையும் பயன்தரப் பல்லாண்டு காத்திருத்தல் வேண்டும். நீண்டகால மரம் நிலத்தின்மேல் உரிமை கோருவதாகவும் நிருவாகத்தின் கண்ணுக்குத் தோன்றும். பூசணியோ நான்கு மாதத்தில் வந்து போய்விடும். லயத்துத் தோட்டங்களில் குறுகிய காலப் பயிர்களே மேலோங்கியமைக்குச் சுவையும் பழக்கமும் மட்டும் காரணமல்ல என்றே கருத இடமுண்டு. 1964 ஒக்ரோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தபோது, அடுத்த ஆண்டின் காயை இங்கே பறிப்போமா என்ற ஐயமும் உடன் சேர்ந்தது.

இடையிலே, 1952 டிசெம்பரில் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர் - அரிசி உடன்படிக்கை சபரகமுவைக்கு நேரடியாக உரியது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 2,70,000 தொன் அரிசி என்பது அதன் அடிப்படை. கேகாலையின் சிரட்டைகளில் வடிந்த பால் நாட்டிற்கு அரிசியாகத் திரும்பியது எனலாம்.

இருபது ஆண்டுகளின் பின் அதே தோட்டங்கள் பட்டினியைக் கண்டன. 1973 இல் உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் விலையேறின, மழையும் பொய்த்தது. கூப்பன் அரிசி குறைக்கப்பட்டது, மாவின் விலை உயர்ந்தது, அரிசியை இடம்விட்டு இடம் கொண்டு செல்வதற்குத் தடைகள் வந்தன. கிராமத்தவருக்குச் சிறு வயலோ பலா மரமோ இருந்தது. தோட்டத்தவருக்குக் கூப்பனும் கூலியுமே இருந்தன. 1974 இல் தோட்டப்பகுதி இறப்பு விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் மிகக் கடுமையாக உயர்ந்தது; குழந்தைகளே பெரிதும் மாண்டனர். அரசு பயிர்ச்செய்கைப் போரை அறிவித்து, வெற்று நிலமெல்லாம் பயிரிடுக என்றது. மரவள்ளியும் வற்றாளையும் பூசணியும் அந்நாள்களின் உணவாயின. காய் தீர்ந்தபின் கொழுந்தும் பூவும் கீரையாயின, விதையும் வறுபட்டது.

இவ்விடத்தில் ஒரு கணக்கை மனங்கொள்ளுதல் நன்று. பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீர். ஒரு கிலோகிராம் பூசணி ஏறக்குறைய 260 கலோரி தரும். ஒரு கிலோகிராம் அரிசி 3,500 கலோரி தரும். கண்ணுக்கு வேண்டிய உயிர்ச்சத்து அதில் நிறைய உண்டு. மலையேறிப் பால்வெட்டும் உடலுக்கு வேண்டிய வலு அதில் இல்லை. அரிசியைக் குறைத்துவிட்டு மரக்கறித் தோட்டத்தைப் போற்றிய பிரசாரம் இவ்வேறுபாட்டை மறைத்தது. வயிறு நிறைந்தது போன்ற உணர்வைத் தந்த காய், பட்டினியைச் சற்று ஒத்திவைத்ததேயன்றித் தீர்க்கவில்லை.

1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975 இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. உள்ளூர் உடைமையாளரின் நடுத்தரத் தோட்டங்கள் நிறைந்திருந்த சபரகமுவையில் முதற்கட்டத்தின் தாக்கம் விரைவாகவே தெரிந்தது. நிலம் துண்டாடப்பட்ட இடங்களில் தொழிலாளர் வேலையிழந்தனர். பங்கீட்டில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. 1977 ஓகஸ்டிலும் 1981 ஓகஸ்டிலும் சபரகமுவத் தோட்டங்கள் வன்செயலுக்கு உள்ளாயின. உயிர் தப்பியோரிற் பலர் வவுனியா முதலிய வன்னிப் பகுதிகளுக்குச் சென்று குடியேறினர். அங்கே பருவமே வேறு. மாரிமழை ஒக்ரோபரில் தொடங்கித் தையளவில் ஓயும். விதையூன்றும் நாளை அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

2022 இன் பொருளாதார நெருக்கடியிலே வீட்டுத்தோட்டம் மீண்டும் அரச முழக்கமாயிற்று. பயிரிடுவதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கப்பட்டது. அந்த ஆண்டின் ஆய்வுகளிலும் உணவுப் பாதுகாப்பு மிகக் குன்றியிருந்த பிரிவு தோட்டப்பகுதியே. 2015 இன் பின்னர் தோட்டக் குடும்பங்களுக்கென வகுக்கப்பட்ட வீடமைப்புத் திட்டங்களின் காணி அளவு 7 பேர்ச், அதாவது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். 550 சதுர அடி வீட்டைக் கழித்தால் எஞ்சுவது 126 சதுர மீற்றர் அளவே. இரண்டரை மீற்றர் இடைவெளியில் நட்டால் அதில் இருபது பூசணிக்கொடிகள் ஓடலாம்; கழிப்பறைக்கும் நடைபாதைக்கும் விட்டால் அதுவும் குறையும். வீடு எழுந்த பின்னரும் அந்நிலத்தின் உறுதி பலருக்கு நெடுங்காலம் கைக்கு வரவில்லை.